சுவரில் மாட்டும் ஸ்பீக்கர்: எதை வாங்கலாம், எப்படி ஒப்பிடலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. பிடித்த பாடல்களை எல்லாம் ஒரு போல்டரில் சேர்த்து வைப்பார்கள். அடுத்த மாதம் ஒரு சந்தேகம் வரும். பாடல் இருக்கிறது, ஆனால் மானிட்டருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் திருப்தி இல்லை. ஹாலில் உட்கார்ந்து நல்ல ஒலியில் கேட்க என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் என் அப்பா. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் இருக்கிறார். அவருடைய நாகஸ்வரம், மிருதங்கப் பதிவுகளை எல்லாம் நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். "தம்பி, சுவத்துல மாட்டற மாதிரி ஸ்பீக்கர் இருக்காமே, அது வாங்கலாமா?" என்று போனில் கேட்டார். காரணம் இருந்தது. அக்கா மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஸ்டாண்டில் நின்ற பழைய ஸ்பீக்கரை ஒரு நாள் பிடித்து இழுத்துவிட்டாள். நல்ல வேளையாக அது அவள் மேல் விழவில்லை.

நான் சென்னையில் சாப்ட்வேர் இஞ்சினியராக இருக்கிறேன். பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்தால் போதும், எது நல்லது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை ஊருக்குக் கொண்டு போய், இரண்டு வாரம் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்துக்கொண்டே மாட்டி மாட்டிக் கழற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் ஸ்பீக்கருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் கண்டுபிடித்தோம். அதையும் சொல்கிறேன்.

எத்தனை வகை?

சுவர் ஸ்பீக்கர் என்று கடையில் காட்டுபவை எல்லாம் ஒன்று அல்ல. நான்கு வகைகள் உண்டு.

1. ஷெல்ப் ஸ்பீக்கரைப் பிராக்கெட்டில் மாட்டுவது. இது மேஜை அல்லது அலமாரியில் வைப்பதற்காகச் செய்த பெட்டி. பின்னால் இரும்புத் தாங்கி வைத்துச் சுவரில் மாட்டுகிறோம்.

2. சுவருக்கென்றே செய்த மெல்லிய ஸ்பீக்கர். ஆழம் குறைவு. கேஇஎஃப் நிறுவனத்தின் டி வரிசை ஸ்பீக்கர்களின் தடிமன் 35 மில்லிமீட்டர்தான்.

3. பிராக்கெட்டுடன் வரும் சின்ன கனமான பெட்டி. ஜேபிஎல் கன்ட்ரோல் 1 ப்ரோ இதற்குப் பழைய உதாரணம். இந்த வகையில் பெரும்பாலும் 4 முதல் 5 அங்குல வூபர் இருக்கும்.

4. சுவருக்குள்ளே புதைப்பது. ஜிப்சம் போர்டு போல உள்ளே வெற்றிடம் உள்ள சுவருக்கு இது ஏற்றது. நம் ஊர் செங்கல் சுவரைக் குடைந்து இதை வைப்பது வீண் வேலை. ஆகவே இதை விட்டுவிடலாம்.

இன்னொரு பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருந்தால் அது ஆக்டிவ் ஸ்பீக்கர். வெளியே தனி ஆம்ப்ளிபயர் வேண்டும் என்றால் பாசிவ் ஸ்பீக்கர். ஆக்டிவ் ஸ்பீக்கரைச் சுவரில் மாட்டினால் அந்த உயரத்தில் கரன்ட் பிளக்கும் வேண்டும். பாசிவ் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் போதும். சுவருக்குப் பாசிவ் வகையே வசதி என்பது என் கருத்து.

சுவர் என்ன செய்யும்?

இதுதான் முக்கியமான பாடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உச்ச ஸ்தாயி ஒலி, டார்ச் லைட் போல முன்பக்கமாகப் போகும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி அப்படி இல்லை. ஸ்பீக்கரைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அதில் மோதித் திரும்பி வந்து, முன்னால் போகும் ஒலியுடன் சேரும். சேரும்போது இரண்டில் ஒன்று நடக்கும்.

முதலாவது, இரண்டும் ஒன்றாகக் கைகோத்தால் பேஸ் கூடும். சுவரை ஒட்டி வைத்தால் 6 டெசிபல் வரை கூடலாம். மூலையில் வைத்தால் இன்னும் அதிகம். மிகத் தாழ்ந்த ஒலியில் இது நடக்கும்.

இரண்டாவது, திரும்பி வரும் ஒலி எதிர்மாறாக வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். எந்த அலைவரிசையில் அழியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். ஸ்பீக்கரின் முன்முகம் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதோ அதை 4 ஆல் பெருக்கி, அந்த எண்ணால் 343ஐ வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

முன்முகம் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 343 வகுத்தல் 1.4, அதாவது 245 ஹெர்ட்ஸ். இது ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடம். அங்கே பள்ளம் விழுந்தால் குரல் வற்றிப் போகும். முன்முகம் 8 சென்டிமீட்டரில் இருந்தால் 1072 ஹெர்ட்ஸ் வரும். அந்த அளவுக்கு மேலே போனால் ஸ்பீக்கர் பின்பக்கம் அனுப்பும் ஒலியே குறைந்துவிடும். ஆகவே பள்ளமும் ஆழமாக இருக்காது. சுவருக்கென்று செய்யும் ஸ்பீக்கர்கள் மெல்லியதாக இருப்பதில் அழகு மட்டும் அல்ல, இந்தக் காரணமும் உண்டு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ராய் அலிசன் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பாளர், அறையின் சுவர்கள் ஸ்பீக்கரின் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை 1974ல் கட்டுரையாக வெளியிட்டார். சுவரை ஒட்டி வைக்கவே ஏற்ற ஸ்பீக்கர்களையும் பின்னர் தயாரித்தார்.

பெட்டியின் பின்னால் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸைக் கூட்டுவதற்காகச் சில பெட்டிகளில் குழாய் போன்ற துவாரம் இருக்கும். அது பின்பக்கம் இருந்தால் சுவரை ஒட்டி மாட்டும்போது மூச்சு முட்டும், பேஸும் குமுறும். சுவருக்கு நல்லது, ஓட்டை இல்லாமல் மூடிய பெட்டி அல்லது முன்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி.

அட்டைப் பெட்டியில் உள்ள எண்கள்

பிஎம்பிஓ: "2000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதை அளப்பதற்கு ஒத்துக்கொண்ட முறை எதுவும் இல்லை. ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் வாட்ஸை மட்டும் பாருங்கள்.

சென்சிட்டிவிட்டி: இதைப் பலரும் பார்ப்பதில்லை. 1 வாட் அளவு மின்சாரம் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதே இது. 3 டெசிபல் கூடுதலாக வேண்டும் என்றால் ஆம்ப்ளிபயர் இரண்டு மடங்கு வாட்ஸ் தர வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. ஆகவே 83 டெசிபல் ஸ்பீக்கருக்கு, 87 டெசிபல் ஸ்பீக்கரைப் போல இரண்டரை மடங்கு மின்திறன் வேண்டும்.

எத்தனை வாட்ஸ் தேவை? 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருந்தால், 9 அடி தூரத்தில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க 1 வாட் கூட அதிகம்தான். தவில் அடி போன்ற திடீர் ஒலிகளுக்காக 20 அல்லது 30 வாட்ஸ் இருந்தால் தாராளம்.

இம்பீடன்ஸ்: 4, 6, 8 ஓம்ஸ் என்று இருக்கும். ஆம்ப்ளிபயரின் பின்னால் எந்த ஓம்ஸ் வரை இணைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அதைவிடக் குறைவான ஓம்ஸ் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம்.

நம் ஹாலை அளப்போம்

கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து ஹாலை அளந்து கொள்ளுங்கள். எங்கள் ஹால் நீளம் 16 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி.

ஒவ்வோர் அறைக்கும் சில ஒலிகள் பிடிக்கும். அந்த ஒலி வந்தால் அறையும் சேர்ந்து பாடும். 343ஐ, அளவின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த ஒலி கிடைக்கும். பிறகு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். 16 அடி என்பது 4.88 மீட்டர். கிடைப்பது 35, 70, 105 ஹெர்ட்ஸ். 11 அடி என்பது 3.35 மீட்டர். கிடைப்பது 51, 102 ஹெர்ட்ஸ். இப்போது கவனியுங்கள். நீளத்தில் 105, அகலத்தில் 102. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. அப்படியானால் எங்கள் ஹாலில் 103 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குமுறல் இருக்க வேண்டும். இருந்தது. அதை எப்படிக் கேட்டோம் என்று பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது

1. கம்ப்யூட்டரில் பச்சை நிறத் துளை (லேப்டாப்பில் ஹெட்போன் துளை) இருக்கும். அதிலிருந்து ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும், மறு முனையில் சிவப்பு, வெள்ளைப் பின்களும் உள்ள கேபிளால் ஆம்ப்ளிபயரின் ஆக்ஸ் துளையில் இணைக்கவும். சிவப்பு வலது, வெள்ளை இடது.

2. ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செம்பு ஒயர். ஒயரில் சிவப்பு ஆம்ப்ளிபயரின் சிவப்பிலிருந்து ஸ்பீக்கரின் சிவப்புக்கே போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் அலைவார்.

3. ஒயரின் தடிமன் முக்கியம். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போக வர 20 மீட்டருக்கு மின்தடை 0.23 ஓம்தான். மெல்லிய 0.5 ஒயர் போட்டால் 0.69 ஓம். வித்தியாசம் மூன்று மடங்கு. அதற்கு மேல் "தங்க முலாம் பூசியது" என்று விலை கூடிய ஒயர் வாங்க வேண்டியதில்லை.

4. இணைத்ததும் "ம்ம்ம்" என்று தொடர்ந்து ஓசை வந்தால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர், ஆம்ப்ளிபயர் இரண்டுக்கும் ஒரே பிளக் போர்டில் கரன்ட் கொடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பொருளை ஆடியோ கேபிளின் நடுவில் இணைத்தால் சரியாகிவிடும். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது.

ஒப்பிடும் முறை

இரண்டு ஸ்பீக்கர்களில் சற்று சத்தமாகப் பாடுவதே நல்லதாகத் தோன்றும். இது காதின் இயல்பு. ஆகவே ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது பயனற்றது. இதற்கு இலவச புரோகிராமான ஆடாசிட்டி போதும்.

1. ஆடாசிட்டியைத் திறந்து ஜெனரேட் மெனுவில் நாய்ஸ் என்பதைக் கிளிக் செய்யவும். வகையில் பிங்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆம்ப்ளிட்யூட் 0.2, நேரம் 30 விநாடி என்று கொடுக்கவும். அருவி விழுவது போன்ற ஓசை கிடைக்கும்.

2. மொபைல் போனில் ஒலி அளக்கும் ஆப் ஒன்றை நிறுவி, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைக்கவும். அந்த அளவு துல்லியமாக இருக்காது. ஆனால் ஒன்றுடன் ஒன்றை ஒப்பிட அது போதும். ஒவ்வொரு ஜோடிக்கும் 70 டெசிபல் காட்டும்படி வால்யூமை வைத்து, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளவும்.

3. மீண்டும் ஜெனரேட் மெனுவில் சிர்ப் என்பதைக் கிளிக் செய்யவும். தொடக்கம் 40, முடிவு 340 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் இரண்டிலும் 0.2, லீனியர், 30 விநாடி என்று கொடுக்கவும். இதில் விநாடிக்கு 10 ஹெர்ட்ஸ் வீதம் ஒலி உயரும். எந்த விநாடியில் குமுறுகிறதோ அதைப் பத்தால் பெருக்கி 40ஐக் கூட்டினால் அலைவரிசை தெரிந்துவிடும். வால்யூமைக் குறைவாக வைத்தே தொடங்கவும். சின்ன வூபரில் தாழ்ந்த ஒலியைச் சத்தமாகக் கொடுத்தால் கெட்டுப்போகும்.

4. நன்றாகத் தெரிந்த மூன்று பாடல்களில் ஒவ்வொரு நிமிடம் எடுத்துக்கொள்ளவும். கேட்பவருக்கு எந்த ஜோடி பாடுகிறது என்று தெரியக் கூடாது. நாங்கள் அப்பாவின் கண்ணில் துண்டைக் கட்டினோம். அக்கா மகளுக்கு அந்த விளையாட்டு மிகவும் பிடித்துப் போனது.

மூன்று ஜோடிகள்

ஸ்பீக்கர்களை 16 அடி நீளச் சுவரில் 8 அடி இடைவெளியில் மாட்டினோம். எதிர்ச் சுவரில் சோபா. கேட்பவரும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும் என்பது விதி.

முதல் ஜோடி என்னுடையது. ஆறரை அங்குல வூபர் உள்ள ஷெல்ப் ஸ்பீக்கர். பின்னால் ஓட்டை. பிராக்கெட்டுடன் சேர்த்து முன்முகம் 35 சென்டிமீட்டர் வெளியே நின்றது. சென்னையில் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டால் அருமையாக இருக்கும். இங்கே அப்பா பத்து விநாடி கேட்டுவிட்டு, "குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடற மாதிரி இருக்கேப்பா" என்றார். சிர்ப் ஓசையை ஓடவிட்டேன். 6வது விநாடியைத் தாண்டியதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அதாவது 103 ஹெர்ட்ஸ். 20வது விநாடியை ஒட்டி ஒலி அமுங்கியது. அதாவது 245 ஹெர்ட்ஸ். கணக்கும் காதும் ஒத்துப்போயின.

இரண்டாவது ஜோடி, நண்பரிடம் கடன் வாங்கிய மெல்லிய ஸ்பீக்கர். முன்முகம் சுவரிலிருந்து 8 சென்டிமீட்டர்தான். பார்க்க மிக அழகு. குரல் கண்ணாடி போலத் தெளிவு. குமுறலே இல்லை. ஆனால் மிருதங்கம் வந்ததும் அப்பா உதட்டைப் பிதுக்கினார். "வலந்தலை கேக்குது. தொப்பியக் காணோமே" என்றார். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் கும்கியைத் தர, அந்த மூன்றங்குல வூபருக்குச் சக்தி இல்லை. இதனுடன் ஒரு சப் வூபர் சேர்த்தால் குறை நீங்கும். செலவும் இடமும் கூடும்.

மூன்றாவது ஜோடி, கடையில் வாங்கிய சின்னப் பெட்டி. ஐந்து அங்குல வூபர், மூடிய பெட்டி, முன்முகம் 17 சென்டிமீட்டர். தனியாக வைத்தால் பேஸ் குறைவு. சுவரில் மாட்டியதும் சுவரே குறைந்த பேஸைக் கூட்டிக் கொடுத்தது. தொப்பியும் கேட்டது, குரலும் தெளிவு. 103 ஹெர்ட்ஸ் குமுறல் கொஞ்சம் இருந்தது. சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்துப் போட்டதும் அதில் பாதி போய்விட்டது. தலை சுவரை ஒட்டி இருந்தால் பேஸ் மிக அதிகமாகக் கேட்கும். இந்த வைத்தியத்துக்குக் காசு இல்லை.

கண்ணைக் கட்டிய மூன்று சோதனையிலும் அப்பா தேர்ந்தெடுத்தது மூன்றாவது ஜோடி. அந்த மூன்றில் விலை குறைந்ததும் அதுதான். பெரிய பெட்டி, பெரிய வூபர், கூடுதல் விலை என்று நான் போட்ட கணக்கு தவறு.

அப்பாவின் வலது பக்கம்

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மூன்று ஜோடியிலும் அப்பா ஒரு குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "வலது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கு. வயலின் அந்தப் பக்கம் வந்தா நூல் அறுந்த மாதிரி ஆயிடுது."

புரோகிராமில் தவறு தேடுவது போலத் தேடினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலில் இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி மாட்டினேன். வலது பக்கமே மங்கல். ஆகவே ஸ்பீக்கர் காரணம் அல்ல. பிறகு ஆம்ப்ளிபயரில் சிவப்பு, வெள்ளைப் பின்களை மாற்றிச் செருகினேன். அப்போதும் வலது பக்கம்தான். ஆகவே கம்ப்யூட்டரும் பாடலும் காரணம் அல்ல. வலது பக்கத்து ஜன்னல் திரையோ என்று நினைத்து, அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே கேட்டது.

மீதி இருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னேன். இப்போது இடது ஸ்பீக்கர் அவருடைய வலது காதுப் பக்கம் வந்தது. "இப்ப எது மங்கல்ப்பா?" என்றேன். அவர் கையை நீட்டினார். இத்தனை நாள் நன்றாக இருந்த ஸ்பீக்கரைக் காட்டினார். பிறகு கையை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அம்மாதான் பேசினார். "இவர் போனை இடது காதுலதான் வைப்பார். வலது பக்கமா நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டார். நான் கோவம்னு நெனச்சுண்டிருந்தேன்."

அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். ஆடியோகிராம் எடுத்தார்கள். வலது காதில் உயர்ந்த அலைவரிசை நன்றாகக் குறைந்திருந்தது. வயலினின் தெளிவும் தமிழில் ச, ஸ போன்ற எழுத்துகளும் இருக்கும் இடம் அது. காது கேட்கும் கருவி பற்றி டாக்டர் சொன்னார். அப்பா இப்போது அதை வைத்துக்கொள்கிறார்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்கள் "ஸ்பீக்கர் சரியில்லை" என்றால் மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் செய்யுங்கள். மங்கல் ஆள் பக்கமே நின்றால் ஸ்பீக்கர் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போனால் காத்திருக்கவே கூடாது. அன்றே போக வேண்டும்.

ஒரு காது மட்டும் மந்தமாக உள்ளவர்களுக்கு விண்டோஸ் 11ல் ஒரு வசதி உண்டு. செட்டிங்ஸ் சென்று அக்சசிபிலிட்டி, அதில் ஆடியோ என்பதைக் கிளிக் செய்யவும். மோனோ ஆடியோ என்பதை ஆன் செய்தால் இரண்டு பக்க ஒலியும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். வலது பக்கம் மட்டும் உள்ள வாத்தியமும் காணாமல் போகாது.

சுவரில் மாட்டும்போது

இதில் நான் செய்த தவறை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் ஜோடியை நானே மாட்டினேன். அன்று மாலை ஒரு ஸ்பீக்கர், பிளக்கும் பூச்சுக் காரையுமாகப் பெயர்ந்து திவான் மேல் விழுந்தது. அங்கேதான் குழந்தை மத்தியானம் தூங்கினாள். அவளைக் காப்பாற்றத்தான் சுவர் ஸ்பீக்கரே தேடினோம். பிளக், செங்கல்லைத் தொடாமல் பூச்சிலேயே நின்றிருந்ததுதான் காரணம். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முறையாகச் செய்தோம். அவர் சொன்னவை:

* சுவரின் மேல் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் முழுவதும் போக வேண்டும். 8 மில்லிமீட்டர் பிளக், 2 அங்குல ஸ்க்ரூவுக்குக் குறையக் கூடாது.

* துளை, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் உள்ள கலவையில் விழுந்தால் அதை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கவும்.

* சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடக் கூடாது. உள்ளே ஒயர் பைப் போகும். மெயினை ஆப் செய்துவிட்டே வேலை செய்யவும்.

* மாட்டிய பின், ஸ்பீக்கரை வைக்கும் முன், அதன் எடையைப் போல நான்கு மடங்கு பாரத்தைப் பிராக்கெட்டில் ஒரு நாள் தொங்கவிட்டுப் பார்க்கவும்.

* பிராக்கெட்டுடன் தனியாக ஓர் இரும்புக் கம்பிக் கயிறும் கட்டவும். ஸ்க்ரூ விட்டாலும் பெட்டி தொங்கும், விழாது.

* கட்டில், திவான், தொட்டில் இவற்றுக்கு மேலே மாட்ட வேண்டாம்.

உயரம்: உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றேகால் அடியில் இருக்கும். ட்வீட்டர் அந்த உயரத்தில் இருப்பதே சிறந்தது. குழந்தைக்கு எட்டக் கூடாது என்பதால் நாங்கள் ஐந்தரை அடியில் மாட்டி, முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்தோம்.

கடைசிச் சீர்திருத்தம்

மீதி இருந்த 103 ஹெர்ட்ஸ் குமுறலுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தினேன். நிறுவும்போது எந்த ஒலிக் கருவிக்கு என்று கேட்கும். டிக் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும். பிறகு அதன் கான்பிகரேஷன் எடிட்டரில் பீக்கிங் பில்டர் ஒன்றைச் சேர்த்து, பிரீக்வென்சி 103, கெயின் மைனஸ் 4, க்யூ 3 என்று கொடுத்தேன். உங்கள் ஹாலுக்கு எண் வேறாக இருக்கும். சிர்ப் சோதனையில் கிடைத்ததைக் கொடுக்கவும். குமுறலைக் குறைக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். சுவரால் விழுந்த பள்ளத்தைக் கூட்டி நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டினாலும் திரும்பி வரும் ஒலியும் சேர்ந்து கூடி அழித்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019ல் வெளியிட்ட அளவுகோலின்படி, மொபைல் போன் போன்ற கருவிகளில் பெரியவர்கள் பாட்டுக் கேட்க வாரத்துக்கு 80 டெசிபல், 40 மணி நேரம்தான் எல்லை. ஹாலுக்கும் அதையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 70 டெசிபலில் நன்றாகக் கேட்கும் ஸ்பீக்கரே நல்ல ஸ்பீக்கர்.

சுருக்கமாகச் சொன்னால், சுவருக்கு மூடிய பெட்டி அல்லது முன் ஓட்டை உள்ள பெட்டி, சென்சிட்டிவிட்டி 86க்குக் குறையாமல், நாலரை முதல் ஐந்தேகால் அங்குல வூபர் என்று தேடுங்கள். வாங்கும் முன் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கடையின் சுவர் வேறு, உங்கள் சுவர் வேறு. கேட்கப் போகிறவரை உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, அவர் சொல்வதை நம்புங்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா சோபாவில் வலது காதில் கருவியுடன் உட்கார்ந்திருந்தார். வயலின் வலது பக்கம் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே, "நூல் அறுந்துடலை" என்றார். மோனோ ஆடியோவை ஆப் செய்துவிட்டு வந்தேன்.